அளந்த படமும் அளக்காத படமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீடு கட்ட நினைப்பவர்களும், வீட்டுத் திட்டத்தில் பெயர் வரும் என்று காத்திருப்பவர்களும் தவறாமல் வாசியுங்கள்.

இப்போது வட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப் படங்கள் நிறைய வருகின்றன. வெள்ளைச் சுவர், பளபளக்கும் டைல்ஸ், ஜன்னல் வழியே விழும் வெயில், மேசையில் ஒரு பழத்தட்டு. பார்த்தவுடன் போட்டோ என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வீடு எங்கேயும் கட்டப்படவில்லை. முழுவதும் கணினியில் செய்தது. இந்த வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். "சேர், இல்லாத வீட்டை எப்படிப் போட்டோ எடுத்தாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதன் பதிலுக்குப் பின்னால் ஆயிரம் வருடச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் எமது தேத்தண்ணிக்கும் ஒரு சின்ன இடம் உண்டு.

முதலில் பார்வையைப் பற்றித் தொடங்குவோம். பழைய கிரேக்க அறிஞர்களான யூக்ளிட், தொலமி போன்றவர்கள், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் நாம் பார்க்கிறோம் என்று நினைத்தார்கள். 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து, பிறகு கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் இதை மறுத்தார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைக்கும் நேர்கோட்டில் போகிறது, அதில் ஒரு பகுதி கண்ணுக்குள் வருகிறது, அதுவே பார்வை என்று 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் எழுதினார். வெறுமனே சொல்லவில்லை. இருட்டறையும் சிறு துவாரமும் வைத்துச் சோதித்துப் பார்த்துச் சொன்னார். அந்த நூல் 1200ஆம் ஆண்டை ஒட்டி லத்தீனுக்குப் போனது. ஐரோப்பிய அறிஞர்கள் அதைப் பல நூற்றாண்டு படித்தார்கள்.

1435இல் இத்தாலியில் அல்பெர்ட்டி என்பவர், ஓவியத்தை ஒரு ஜன்னலாக நினைத்து எப்படி அளந்து வரைவது என்று ஓவியர்களுக்கு விதி எழுதினார். 1525இல் ஜெர்மனியின் டியூரர் ஒரு படம் அச்சிட்டார். அதில் இரண்டு பேர் ஒரு நூலை வைத்து வேலை செய்கிறார்கள். நூலின் ஒரு முனை சுவரில் அடித்த கொக்கியில் போகிறது. அந்தக் கொக்கிதான் கண் இருக்கும் இடம். மறுமுனையை மேசையில் இருக்கும் வாத்தியத்தின் ஒரு புள்ளியில் வைக்கிறார்கள். நடுவில் ஒரு சட்டம். நூல் அந்தச் சட்டத்தை எந்த இடத்தில் கடக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. இப்படியே நூற்றுக்கணக்கான புள்ளிகள் வைத்தால் படம் வந்துவிடும்.

எமது மேசன் பாஸ்மார் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் நூல் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே புத்திதான். நூல் பொய் சொல்லாது. இந்த நூலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணினிக் காலம். 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்ற மாணவர், கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற திட்டத்தைச் செய்தார். பிறகு அவர் யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1972இல் அவருடைய மாணவர்கள் அவருடைய மனைவியின் வொக்ஸ்வாகன் காரின் மேல் கோடு போட்டு, அளவுகோலை வைத்துக் கையால் அளந்து, அந்த அளவுகளைக் கணினிக்குள் கொடுத்தார்கள். ஒரு காரைத் திரையில் காட்ட, முதலில் அதைத் தொட்டு அளக்க வேண்டியிருந்தது.

1975இல் அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவருக்குக் கணினியில் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "இந்த டீபொட்டையே எடுங்களேன்" என்றார் மனைவி. வளைந்த வயிறு, மூக்கு, கைப்பிடி, மூடி, எல்லாம் அதில் இருந்தது. வெளிச்சத்தையும் நிழலையும் சோதிக்க அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. அந்த டீபொட்டின் அளவுகள் உலகம் முழுவதும் பரவின. வீட்டு உட்புறம் வரையும் மென்பொருள்களில் பெயர் பெற்ற 'த்ரீடிஎஸ் மெக்ஸ்'ஸில் இன்றும் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த டீபொட் வந்து நிற்கும். அசல் டீபொட் கலிபோர்னியாவில் உள்ள கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் கொழுந்து பறித்து அனுப்பும் சாமானை ஊற்றும் பாத்திரம்தான் இந்தத் துறையின் மிகப் பிரபலமான பொருள்!

இதில் ஒரு சங்கதி. அசல் டீபொட் இன்னும் உயரமானது. ஜிம் பிளின் என்ற ஆராய்ச்சியாளர் திரையில் காட்டும்போது உயரத்தைக் கொஞ்சம் அமுக்கிவிட்டார். உலகம் பழகிக்கொண்டது அந்த அமுக்கிய வடிவத்தைத்தான். அளந்து செய்த பொருளைக்கூட, காட்சிக்காக அளவு மாற்றிக் காட்டலாம் என்பதற்கு இது ஆரம்ப காலத்து உதாரணம். யாருக்கும் நட்டம் இல்லை, ஏனென்றால் அது டீபொட். வீடாக இருந்தால்?

வடிவம் வந்துவிட்டது, இனி வெளிச்சம் வேண்டும். வளைந்த மேற்பரப்பில் பளபளப்பு எப்படி விழும் என்பதற்கு ஒரு கணக்கைச் செய்தவர் பூய் துவோங் போங் என்ற வியட்நாம் இளைஞர். 1975இல் அந்தக் கட்டுரை வந்தது. அதே ஆண்டு, 32 வயதிலேயே இறந்துபோனார். 1980இல் டேர்னர் விட்டெட் என்பவர் கதிரைப் பின்தொடரும் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் தெரியும் விம்பம், நீருக்குள் ஒளி வளைவது எல்லாம் அதில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த முறையில் கணினி கதிரைக் கண்ணிலிருந்து வெளியே அனுப்புகிறது. பல்பிலிருந்து புறப்படும் ஒளியில் மிகப் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதையெல்லாம் கணக்குப் பார்த்தால் வேலை முடியாது. ஆகவே கண்ணுக்கு வந்த கதிரைப் பின்னோக்கித் தேடிப் போகிறார்கள். ஒளியின் உண்மை இப்னு அல்ஹைதம் சொன்னதுதான். கணக்கின் வசதி யூக்ளிட்டின் பக்கம் நிற்கிறது.

ஆனாலும் அந்தப் படங்களில் அறை அறையாகத் தெரியவில்லை. காரணம், ஓர் அறைக்குள் வெளிச்சம் பல்பிலிருந்து மட்டும் வருவதில்லை. சிவப்புச் சீமெந்துத் தரை போட்ட வீட்டில் வெயில் விழும் நேரம் வெள்ளைச் சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலேசாகச் சிவந்திருக்கும். தரை சுவருக்கு ஒளி கொடுக்கிறது, சுவர் கூரைக்குக் கொடுக்கிறது. 1984இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டார்கள். அவர்களில் ஒருவரான டொனால்ட் கிறீன்பெர்க் கட்டடக்கலை படித்தவர். சூடான பரப்புகளுக்கு இடையே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பொறியியலாளர்கள் போடும் கணக்கை எடுத்து ஒளிக்குப் பயன்படுத்தினார்கள். சோதிப்பதற்கு ஒரு சாதாரணப் பெட்டி. ஒரு பக்கச் சுவர் ஒரு நிறம், மறுபக்கச் சுவர் வேறு நிறம், மற்றவை வெள்ளை. இன்றும் அதைக் 'கோர்னெல் பெட்டி' என்கிறார்கள்.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம். அந்தப் பெட்டியை உண்மையாகவே செய்து, உள்ளே விளக்குப் போட்டு, ஒளியை அளந்தார்கள். நிஜப் பெட்டியையும் கணினிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்களைப் பார்க்கச் சொன்னார்கள். எது நிஜம் என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த முடிவு 1986இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜேம்ஸ் கஜியா, ஒளி ஒரு பரப்பில் பட்டுத் தெறிப்பது முழுவதையும் ஒரே சமன்பாட்டில் எழுதினார். இன்றைய ரெண்டரிங் மென்பொருள்கள் அந்தச் சமன்பாட்டுக்குத்தான் விடை தேடுகின்றன.

ஆகவே, ரெண்டரிங் பிறந்தது ஏமாற்றுவதற்காக அல்ல. நிஜத்தை அளந்து, கணக்கைச் செய்து, திரும்பவும் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

பிறகு அது வியாபாரத்துக்கு வந்தது. 1990இல் சாதாரணக் கணினியில் ஓடும் 'த்ரீடி ஸ்டூடியோ' வந்தது. 2000இல் 'ஸ்கெட்ச்அப்'. 2002இல் பல்கேரியாவிலிருந்து 'வீரே'. அதே ஆண்டு நெதர்லாந்தின் 'பிளெண்டர்' மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாக்க மக்கள் ஏழு வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ சேர்த்துக் கொடுத்தார்கள். சுவீடனின் தளபாடக் கம்பெனியான ஐகியா, 2006இல் தன் கெட்டலொக்கில் ஒரு மரக் கதிரையைப் போட்டோவுக்குப் பதிலாக ரெண்டர் செய்து போட்டது. வாசகர்கள் கவனிக்கவில்லை. 2014 அளவில் அந்தக் கம்பெனியின் பொருட்படங்களில் முக்கால் பங்கு கணினியில் செய்தவை. சாமான்களை ஏற்றி இறக்கி ஸ்டூடியோவில் அடுக்கும் செலவு மிச்சம். போட்டோ பிடித்தவர்களுக்குக் கணினியும், கணினிக்காரர்களுக்குப் போட்டோவும் கற்றுக்கொடுத்தார்கள். படம் போட்டோ போலத் தெரிய, சுருங்கிய விரிப்பும் சற்றே விலகிய கதிரையும் வேண்டும் என்று அப்போதுதான் விளங்கிக்கொண்டார்கள்.

இனி எமது பக்கம் வருவோம்.

எமது வீடுகளை யார் வரைந்தார்கள்? கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக்கும், கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பருக்கும் ஆட்களைக் கொண்டுவந்தபோது லயம் கட்டப்பட்டது. ஒரு காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. 120 சதுர அடிக்குள் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, மையித்து எல்லாம். ஒற்றை லயம், இரட்டை லயம் என்று நிரையாகக் கட்டினார்கள். இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னல் வைக்க இடமே இல்லை, அங்கே அடுத்த குடும்பத்தின் சுவர். அதற்கும் பிளான் இருந்தது, அளவு இருந்தது. இருக்கப்போகிறவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

படமும் எடுத்தார்கள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய ப்ளாட்டே போன்ற கொழும்பு ஸ்டூடியோக்கள் மலை, பெக்டரி, பங்களா, கூடையோடு நிற்கும் பெண்கள் என்று அழகழகாக எடுத்தன. அவற்றில் நான் பார்த்த படங்களுக்குள் லயக் காம்பராவின் உட்புறம் ஒன்றுகூட இல்லை.

கேட்டுக் கட்டிய உதாரணமும் எமது நாட்டிலேயே உண்டு. கண்டி வட்டப்புளுவையில் 1950களில் அரச ஊழியர்களுக்கு வீடமைப்புத் திட்டம் செய்தவர் மினட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். ஒரே மாதிரி வீடு வரைந்து கொடுக்காமல், குடிவரப்போகும் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று விசாரித்தார். பல இனத்தவர்களும் அதில் இருந்தார்கள். அவரிடம் கணினி இல்லை. ஆனால் படம் வரைவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இன்று மலையகத்தில் இந்திய உதவியுடன் வீடுகள் வருகின்றன. மத்திய, ஊவா மாகாணங்களில் முதலில் 4000. 2017 மே மாதம் நோர்வுட்டில் மேலும் 10000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதில் சபரகமுவைக்கும் பங்கு உண்டு. 2024 பெப்ரவரியில் 1300 வீடுகளுக்கான வேலை தொடங்கி வைக்கப்பட்டது. 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஹோல், குசினி, மலசலகூடம். 120 எங்கே, 550 எங்கே. இது நன்றியோடு ஏற்க வேண்டிய மாற்றம்தான். அதனால்தான் வீட்டுப் படங்களைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். திட்ட வீடு என்றாலும், சொந்தக் காசில் கட்டினாலும், டவுனில் பிளான் வரைபவரிடம் போனாலும் பின்வருபவை பொருந்தும்.

ஒன்று: கணினிக் கெமராவுக்குச் சுவர் தடையில்லை. பத்து அடி அறையில் நீங்கள் எவ்வளவு பின்னால் போனாலும் முதுகு சுவரில் முட்டும். கணினியில் பின்சுவரைக் கழற்றிவிட்டு, வெளியே நின்று பார்க்கலாம். கோணத்தையும் அகலமாக்கலாம். அப்போது சின்ன அறை மண்டபம் போலத் தெரியும்.

இரண்டு: சாமானின் அளவைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் 6 அடி அகலக் கட்டில் போட்டால் மிச்சம் 4 அடி. அலுமாரிக்கு 2 அடி. கதவு திறக்க இரண்டரை அடி. படத்தில் இதெல்லாம் தாராளமாக இருந்தால், கட்டில் குழந்தைக் கட்டிலாக இருக்கும்.

மூன்று: வெயில். படத்தில் எல்லா அறைக்கும் காலை வெயில் வரும். உங்கள் காணி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எதிரே மலை இருக்கிறதா என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. இரத்தினபுரிப் பக்கத்து மழை ஒரு படத்திலும் பெய்வதில்லை. ஈரத்துணி காயப்போட எங்கே இடம்? விறகு எங்கே? அடுப்புப் புகை எந்த வழியால் போகும்? பால் வெட்டப் போகிறவர் கத்தியையும் வாளியையும் எங்கே வைப்பார்?

நான்கு: நிலம். உட்புறப் படத்தில் மண் தெரியாது. 2016 மே 17ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. அரநாயக்க சாமசர மலை சரிந்ததும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயம் மண்ணுக்குள் போனதும் அந்த நாளில்தான். ஒரு வீட்டின் முதல் கேள்வி டைல்ஸ் அல்ல. அந்த இடம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருக்கிறதா என்பதுதான்.

இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 2022க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அறைப் படம் வருகிறது. மேலே சொன்ன ரெண்டரிங்கில் கெமராவை எவ்வளவு தள்ளி வைத்தாலும், படத்துக்குப் பின்னால் அளவுள்ள சுவர் ஒன்று இருக்கும். கேட்டால் அதன் நீளத்தைச் சொல்ல முடியும். நுண்ணறிவுப் படத்துக்குப் பின்னால் சுவரே இல்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, அறை போலத் தோன்றும் ஒன்றைத் தருகிறது. இரண்டையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. அதனால், யாராவது அழகான படம் காட்டி முற்பணம் கேட்டால், படத்தைப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் பிளான் எங்கே, அடிக்கணக்கு எவ்வளவு?" பதில் இல்லையென்றால், அது வீட்டின் படமல்ல.

பிளான் கிடைத்தால் அதை வைத்து வெறும் நிலத்தில் நூல் அடியுங்கள். அறை அறையாகக் கோடு போடுங்கள். குடும்பத்தோடு உள்ளே நில்லுங்கள். உம்மா, அம்மா, பாட்டி எல்லோரும் குசினிக் கோட்டுக்குள் நின்று பார்க்கட்டும். கட்டிலின் அளவுக்குப் பாய் விரித்துப் பாருங்கள். கதவு இடம் மாறவேண்டும் என்றால், சுவர் எழுமுன் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு கட்டை நூல்தான்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பிளெண்டர் இலவசம். யூடியூப்பில் தமிழிலேயே பாடம் இருக்கிறது. பாடசாலைக் கணினி அறையிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு கணினி கிடைத்தால் தொடங்கலாம். கற்றுக்கொண்டால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் ஊரிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் முதல் படமாகப் பளிங்கு மாளிகை செய்யாதீர்கள். உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த லயக் காம்பராவை டேப் பிடித்து அளந்து செய்யுங்கள். சுவர் எத்தனை அடி, அடுப்பு எந்த மூலை, சாமிப் படம் அல்லது கிப்லாப் பக்கம் எது, தொட்டில் கட்டிய வளை எது, கூரைத் தகரத்தின் ஓட்டையால் வெயில் எங்கே விழும். பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள்.

லயங்கள் இடிக்கப்பட வேண்டியவைதான். அவற்றுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அந்த 120 சதுர அடிக்குள் எத்தனை பேர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாளைக்கு யாராவது கேட்டால், காட்டுவதற்கு எம்மிடம் அளந்த படம் ஒன்று இருக்க வேண்டும். அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் உள்ளே வரவில்லை. இன்று உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகளின் கையிலேயே கருவி இருக்கிறது.

செய்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அளக்க டேப் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.